அவரை என்ன செய்வது?

மனசாட்சியின் சுதந்திரத்தைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிய முதல் ஊர், உலகத்திலேயே எங்கள் நியூ தார்ன்பிதான். வேறெந்த ஊராவது இந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடினால், அந்த ஊரைச் சபைநீக்கம் செய்ய நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இங்கிலாந்தில், பழைய தார்ன்பியில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. பிஷப் முழங்காலிடு என்றால் முழங்காலிட வேண்டும். போதகர் வெள்ளை அங்கி போட வேண்டும் என்றால் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவரைப் பிடித்துத் தொழுமரத்தில் மாட்டினார்கள். இரண்டு பலகைக்கு நடுவே காலைப் பூட்டிச் சந்தைவெளியில் உட்கார வைத்துவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அழுகின முட்டைக்கோஸை வீசுவார்கள். ஒரு மனிதனின் ஆன்மாவில் இன்னொரு மனிதன் கை வைக்கலாமா? கூடவே கூடாது என்று முடிவு செய்து, வீடு வாசலை விற்றுக் கப்பலேறி, புழு நெளியும் ரொட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு தின்று, கடல் தாண்டி இந்தக் கரையில் வந்து இறங்கினோம்.

நிலம் காலியாக இருந்தது. அங்கே குடியிருந்தவர்களிடமே விசாரித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

இறங்கியதும் முதல் வேலையாகக் கூட்டம் போட்டோம். கூரை போடுவதற்கு முன்பே கூட்டம் போட்டதால் பாதித் தீர்மானங்கள் மழையில் நிறைவேறின. ராஜாவின் ஆள் இல்லை, பிஷப்பின் ஆள் இல்லை, இனி எங்களை நாங்களே ஆள்வோம் என்று முடிவாயிற்று. இதற்குத் ‘தன்னாட்சி’ என்று பெயர். தன்னாட்சி பிறந்து கண் திறப்பதற்குள் அதன் முதல் சட்டமும் பிறந்தது. ஓய்வுநாள் ஆராதனைக்கு வராதவரைத் தொழுமரத்தில் மாட்டுவது.

பெண்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பீர் காய்ச்சும் விதவை தாமசின் கேல் எழுந்து நின்றார். கூட்டத்தில் பெண்கள் பேசக்கூடாது என்ற சட்டம் அப்போது இன்னும் வரவில்லை. அன்று சாயங்காலம்தான் வந்தது.

“ஐயா, ஒரு சந்தேகம். கோயிலுக்கு வரலைன்னு அங்க என் காலை மரத்துல பூட்டினாங்க. இங்கயும் பூட்டுவீங்களாம். அப்ப என்ன வித்தியாசம்?”

ஊர்த்தலைவர் செருபாபேல் விஞ்ச், குழந்தைக்குச் சொல்வதுபோல அன்பாகச் சொன்னார். “என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? அது ராஜாவோட மரம். இது நம்ம மரம். நம்ம காட்டுல வெட்டி, நம்ம கையால இழைக்கப்போற ஓக்கு மரம்.”

“கால் என்னோடதுதானேய்யா?”

இந்த மாதிரி குறுகிய நோக்கம் உள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஒபதியா கிரவுச். ஆராதனையில் தூங்குகிறவர்களை எழுப்புவது என் உத்தியோகம். அதற்காக ஊர் எனக்கு ஒரு நீளக் கோல் கொடுத்திருந்தது. ஒரு முனையில் பித்தளைக் குமிழ், மறு முனையில் நரிவால். தூங்குகிற ஆணின் மண்டையில் குமிழால் ஒரு தட்டு, தூங்குகிற பெண்ணின் மூக்கில் வாலால் ஒரு வருடு. எங்கள் போதகர் ஆபகூக் லேன் மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்வார். ஆகவே நான் ஊரிலேயே அதிகம் உழைக்கிறவன்.

ஆனால் எனக்கு ஓட்டுக் கிடையாது. ஓட்டு வேண்டுமானால் சபையின் முழு அங்கத்தினராக வேண்டும். அதற்குக் கடவுள் தன் உள்ளத்தைத் தொட்ட கதையை எல்லார் முன்னாலும் சொல்லி அழ வேண்டும். நான் இரண்டு தரம் அழுது பார்த்தேன். ஒரு கண்ணில் மட்டும் நீர் வந்ததால் ஐயத்துக்குரியது என்று தள்ளிவிட்டார்கள். ஊரில் மொத்தம் பதினோரு பேர் இரு கண்ணாலும் அழுதிருந்தார்கள். அந்தப் பதினோரு ஆண்கள்தான் ‘மக்கள்’. மற்றவர்கள் நாங்கள் சும்மா ஜனங்கள். பெண்களுக்கு ஓட்டு உண்டா என்ற கேள்வி எழவே இல்லை. எழுப்ப வேண்டியவர்கள் பெண்கள், அவர்கள் பேசக்கூடாது.

இப்படி ஊர் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில், வியாழக்கிழமை தோறும் தாமசின் கேல் வீட்டு அடுப்படியில் இருபது முப்பது பேர் கூடுகிறார்கள் என்ற செய்தி பரவியது. அந்த இருபது முப்பதில் ஒருத்தி என் மனைவி. அவள் பெயர் பேஷன்ஸ். பொறுமை என்று அர்த்தம்.

செருபாபேல் விஞ்ச் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போதகரும் கூட இருந்தார்.

“ஒபதியா, அந்த வீட்டுல என்னப்பா நடக்குது?”

“பீர் காய்ச்சுறாங்க ஐயா.”

“அது புதன்கிழமை. எனக்கே தெரியும், நானே ஆள் விட்டு வாங்குறேன். வியாழக்கிழமை என்ன நடக்குது? போய்ப் பாத்துட்டு வா.”

போனேன். கோலோடு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். போதகர் இல்லை, பிரசங்கம் இல்லை. கொல்லன், மாவு மில்காரன், பால்காரிகள், என் மனைவி, எல்லாரும் அடுப்பைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதாவது ஒருவர் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிரசங்கத்துக்கு நடுவே விழித்திருக்க எனக்குப் பயிற்சி உண்டு. மௌனத்துக்கு நடுவே விழித்திருக்க யாரும் பயிற்சி தரவில்லை. தூங்கிவிட்டேன்.

விழித்தபோது எல்லாரும் போயிருந்தார்கள். என் தோளில் ஒரு கம்பளி கிடந்தது. தாமசின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“எழுப்பியிருக்கலாமே?” என்றேன், கோபமாக.

“எதுக்கு எழுப்பணும்? நல்லா தூங்கினீங்க. கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.”

உத்தியோகத்தை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா? திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னேன், தூங்கிய பகுதியை மட்டும் தவிர்த்து. “யாரும் ஒண்ணும் பேசலை ஐயா.”

போதகர் ஆபகூக் லேன் வெளுத்துப்போனார். “ஒண்ணுமே பேசலையா?”

“அங்கங்க ஒரு வார்த்தை. மத்தபடி சும்மா உக்காந்திருந்தாங்க.”

“பாத்தீங்களா தலைவரே, விஷயம் எங்க போயிருக்குன்னு! பேசினா மறுத்துப் பேசலாம். பேசாததை நான் எப்படி மறுக்கிறது? மூணு மணி நேரம் இல்ல, முப்பது மணி நேரம் பிரசங்கம் பண்ணாலும் முடியாதே!”

ஆகவே ‘அனுமதி பெறாத மௌனம்’ என்ற குற்றத்தின் பேரில் தாமசின் கேல் கூட்டக்கூடத்துக்கு அழைக்கப்பட்டார். நவம்பர் மாதம். ஆற்றோரம் பனி கட்டத் தொடங்கியிருந்தது. பதினோரு மக்கள் முன்வரிசையிலும், ஜனங்கள் பின்னாலும் நின்றோம்.

“உன் வீட்டுல எதுக்குக் கூடுறாங்க?” என்று கேட்டார் தலைவர்.

“குளிருக்குத்தாங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோலைத் தூக்கினேன், சிரிப்பு நின்றது.

“ஆன்மாவைப் பத்திப் போதனை பண்றியாமே?”

“இல்லைங்க. ஆன்மா ரொம்பச் சின்னது. அதுக்கு மேல பதினோரு பேர் ஏறி உக்காந்தா நசுங்கிடும். அவங்கவங்க ஆன்மாவை அவங்கவங்க பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்ப, யார் எப்படி வேணும்னாலும் கும்பிடலாம்னு சொல்றே?”

“அதுக்குத்தானேய்யா எல்லாரும் கப்பல் ஏறினோம்?”

கூடத்தில் ஒரு நிமிடம் அனுமதி பெறாத மௌனம் நிலவியது. போதகர்தான் அதைக் கலைத்தார். அவர் மேல்படிப்புப் படித்தவர், இலக்கணத்தில் கெட்டி. “அம்மா, இங்கதான் நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே. ‘எங்க’ இஷ்டப்படி கும்பிடத்தான் கப்பல் ஏறினது. சாசனத்துல ‘எங்க’ன்னுதான் இருக்கு. ‘நம்ம’ன்னு இல்லை.”

தாமசின் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்தது ஓட்டு. எங்கள் ஊரில் கைதூக்கும் வழக்கம் கிடையாது. கைதூக்கினால் பக்கத்துக்காரன் பார்த்துவிடுவான். ஒரு கலயத்தில் மக்காச்சோள மணியோ அவரை விதையோ போட வேண்டும். சோளம் போட்டால் அவரை ஊரைவிட்டு அனுப்புவது. அவரை போட்டால் அவரை வைத்துக்கொள்வது. இவ்வளவு தெளிவான முறை இங்கிலாந்து பார்லிமெண்டில்கூட இல்லை.

பதினோரு பேரும் போட்டார்கள். தலைவர் கலயத்தைக் கவிழ்த்தார். சோளம் ஐந்து, அவரை ஆறு.

“குளிர்ல கை மரத்திருக்கும். எது சோளம், எது அவரைன்னு விரலுக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார் போதகர். மனசாட்சிக்குச் சூடேற்றுவதற்காக நீண்ட ஜெபம் செய்தார். மறுபடி போட்டார்கள்.

சோளம் நான்கு, அவரை ஏழு.

தலைவர் கூட்டத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்தார். அன்று மாலை தலைவரும் போதகரும் கூடிப் பேசி ஓர் ஆணை பிறப்பித்தார்கள். அவரையில் வண்டு விழுந்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. பொதுமக்கள் நலன் கருதி ஊரில் உள்ள அவரை விதை முழுவதையும் பறிமுதல் செய்து தலைவர் வீட்டுப் பரணில் பத்திரப்படுத்துவது. பறிமுதல் அலுவலர், ஒபதியா கிரவுச்.

நான் நேர்மையானவன் என்பதால் என் வீட்டிலிருந்தே ஆரம்பித்தேன். பேஷன்ஸ் அப்போதுதான் அவரையை ஊறப் போட்டிருந்தாள். சட்டியோடு எடுத்தேன்.

“வெக்கமா இல்ல? ராச்சாப்பாட்டைத் திருடிட்டுப் போறீங்களே.”

“திருட்டு இல்ல பேஷன்ஸ். பறிமுதல்.”

“என்ன வித்தியாசம்?”

“திருட்டுக்குத் தீர்மானம் கிடையாது.”

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நம்ம குழந்தை செத்தப்ப போதகர் வந்து என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?”

இருந்தது. இந்த வீட்டில் எங்கோ ஒளிந்திருக்கும் பாவத்துக்கு இது தண்டனை, அதைத் தேடிப் பிடியுங்கள் என்று சொல்லியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பனிக்காலம் முழுக்க ஒருவர் முகத்தில் ஒருவர் தேடிக்கொண்டிருந்தோம்.

“தாமசின் அக்கா வந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லலை. என் பக்கத்துல உக்காந்து தலையை மடியில வச்சுக்கிட்டாங்க. அழுது முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தாங்க. அந்த மௌனத்தைத்தான் நீங்க குத்தம்னு சொல்றீங்க.”

எனக்கு இரண்டு கண்ணிலும் நீர் வந்தது. ஆனால் சாட்சி சொல்ல அங்கே அங்கத்தினர் யாரும் இல்லை. ஆகவே அது கணக்கில் வராது. சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

தாமசின் வீட்டில் எனக்கு வேலையே இல்லை. விதையைப் பையில் கட்டி வாசலிலேயே வைத்திருந்தார். “பரண்ல ஈரம் படாம வைக்கச் சொல்லுங்க, ஒபதியா. வசந்தத்துல விதைக்க ஆகும்,” என்றார். தன்னை ஊரில் வைத்துக்கொள்ளச் சொல்லும் விதை, அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். ஆணவத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மறுநாள் மக்கள் மீண்டும் கூடினார்கள். யாருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை என்று தலைவர் தெளிவாக அறிவித்தார். சோளம் போடலாம், அவரை போடலாம், முழுச் சுதந்திரம். அவரைதான் கிடைக்கவில்லை.

பத்துப் பேர் சோளம் போட்டார்கள். பதினோராவதாக வந்தவர் கிழவர் யோபு டட்டில். பீப்பாய் செய்கிறவர், பிடிவாதக்காரர். கையில் கொடுத்த சோள மணியை வாயில் போட்டு மென்று விழுங்கினார். பிறகு தன் கோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்துக் கலயத்தில் போட்டார்.

“யோபு, என்ன இது?”

“பொத்தான்.”

“பொத்தானுக்கு என்ன அர்த்தம்?”

“சோளம் இல்லைன்னு அர்த்தம்.”

பொத்தானைப் பற்றி விவாதம் மதியம் வரை நடந்தது. பொத்தான் தானியமா, அல்லவா? எலும்பால் ஆனது என்பதால் மாமிசத்தில் சேருமா? கடைசியில், பொத்தானைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை என்று தள்ளுபடி செய்தார்கள். எதிர்ப்பு எதுவும் இல்லாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யோபு டட்டில் முன்பு அழுத அழுகை மறுபரிசீலனைக்கு எடுக்கப்பட்டு, அதில் ஒரு கண் சந்தேகத்துக்கு இடமானது என்று கண்டுபிடிக்கப்பட்டது. அவர் மக்களிலிருந்து ஜனங்களுக்கு இறக்கப்பட்டார்.

வரும் ஓய்வுநாளுக்குள் தாமசின் ஆற்றைக் கடந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆற்றுக்கு அப்பால் காடு. அந்த மாதத்தில் காடு என்றால் பனி. அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் தீர்ப்பில் மரணம் என்ற வார்த்தையே இல்லை. எங்கள் கருணை அப்படி.

சனிக்கிழமை காலை தாமசின் படகுத்துறைக்கு வந்தார். முதுகில் ஒரு கம்பளிச் சுருள், கையில் பீர் காய்ச்சும் செப்புப் பாத்திரம். ஒழுங்காக அனுப்பி வைப்பதற்காகத் தலைவரும் போதகரும் வந்திருந்தார்கள். நானும் கோலோடு நின்றேன். பனிமூட்டத்தில் தாமசினுக்குப் பின்னால் இன்னும் யாரோ வருவது தெரிந்தது. கொல்லன் வந்தான், சுத்தியலோடு. மாவு மில்காரன் மனைவியோடு வந்தான். பால்காரிகள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். யோபு டட்டில் ஒரு பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் மூட்டையோடு பேஷன்ஸ்.

தலைவர் பதறிப்போனார். “நில்லுங்க! நில்லுங்க! உங்களை யார் போகச் சொன்னது? ஓட்டெடுத்தது இந்தம்மாவுக்கு மட்டும்தான்!”

“தெரியுங்க,” என்றாள் பேஷன்ஸ். “எங்களுக்கு ஓட்டுப் போடத்தான் உரிமை இல்ல. நடக்க இருக்குல்ல?”

அவர்கள் படகில் ஏறினார்கள். படகு பல தடவை போய்ப் போய் வந்தது. பேஷன்ஸ் என் எதிரில் வந்து நின்றாள்.

“வர்றீங்களா?”

“எனக்கு உத்தியோகம் இருக்கு பேஷன்ஸ்.”

“யாரை எழுப்பப் போறீங்க? தூங்குறதுக்கு ஆள் வேணுமே.”

நான் ஆற்றைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். அவள் பெயருக்கு ஏற்றபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஏறிப் போய்விட்டாள். ஊருக்காகப் பலர் எதையெதையோ இழந்திருக்கிறார்கள். நான் பொறுமையை இழந்தேன்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். சுதந்திரத்தைத் தேடி வந்த ஊரிலிருந்து ஜனங்கள் சுதந்திரமாக வெளியேறினால் ஊர் என்ன ஆவது? ஆகவே, இனி அனுமதி இல்லாமல் யாரும் ஆற்றைக் கடக்கக்கூடாது என்று பத்து மக்களும் சட்டம் செய்தார்கள். வெளியேற விரும்புகிறவரை முதலில் துறைக் காவலர் சோதித்துக் கையொப்பமிட வேண்டும். துறைக் காவலராக என்னை உயர்த்தினார்கள்.

பனிக்காலம் ஒருவாறு கழிந்தது. மில் ஓடாததால் பத்து மக்களும் சோளத்தை அப்படியே வேகவைத்துத் தின்றார்கள். பீர் இல்லாததால் தண்ணீர் குடித்து வயிறு கெட்டுப் படுத்தார்கள். பரணில் இருந்த அவரையில் வண்டு விழுந்தது. அரசாங்கம் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லியிருந்தது, அவ்வளவுதான்.

அக்கரையில் புகை தெரிந்தது. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு பல அடுப்புகள். அந்த நிலத்தின் பழைய குடிகள் அவர்களுக்குக் குடிசை போட இடமும் தின்னச் சோளமும் கொடுத்தார்களாம். நீங்கள் எப்படிக் கும்பிடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். எவ்வளவு நாகரிகமற்ற மனிதர்கள் பாருங்கள்!

சில மாலைகளில் பேஷன்ஸ் தண்ணீர் மொள்ள அக்கரைக்கு வருவாள். நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்ப்பாள். ஒருநாள் கையை உயர்த்தினாள். நானும் கையை உயர்த்தினேன். மறுநாளே தலைவரிடம் போய், ஆற்றைக் கடக்க அனுமதி கேட்டேன்.

“தாராளமாப் போகலாம்பா,” என்றார் அவர். “துறைக் காவலர் உன்னைச் சோதிச்சுக் கையெழுத்துப் போடணும்.”

“துறைக் காவலர் நான்தானே ஐயா?”

“ஆமா. ஆனா தன்னைத்தானே சோதிக்கிறது சட்டப்படி செல்லாதே. இதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

இதுதான் தன்னாட்சியின் அழகு. என்னைத் தடுத்து வைத்திருப்பது ராஜா அல்ல, பிஷப் அல்ல. நானேதான்.

வசந்தத்தில், ஊரில் ஆளே இல்லாமல் போய்விடுமோ என்று தலைவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில், இங்கிலாந்திலிருந்து ஒரு கப்பல் வந்து நின்றது. நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் பிஷப்பிடமிருந்து தப்பி வந்தவர்கள். மெலிந்து, கண் குழிந்து, கடலில் புதைத்தவர்களுக்காகக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். தலைவரும் போதகரும் கரையில் கைகளை விரித்து நின்று சங்கீதம் பாடி வரவேற்றார்கள்.

முதலில் இறங்கியவள் ஓர் இளம்பெண். இடுப்பில் கைக்குழந்தை. ஈர மண்ணில் காலை வைத்தவள், அது நிஜமான நிலம்தானா என்று பார்ப்பதுபோல இன்னொரு காலையும் ஊன்றினாள். பிறகு துறையில் நின்ற என்னிடம் வந்து, மூச்சு வாங்கக் கேட்டாள்.

“ஐயா, இங்க சுதந்திரம் இருக்குன்னு சொன்னாங்களே. நெஜமாவே இருக்கா?”

தலைவர் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

“இருக்கும்மா, பயப்படாம உள்ள போ,” என்றேன். “அது வெளிய போயிடக் கூடாதுன்னுதான் என்னை இங்க காவலுக்கு நிறுத்தியிருக்காங்க.”